ஆளுக்கு ஒரு டின்

எங்கள் வயல்வெளிக்குத் தேநீர்க் கேத்தில் போவது நின்றது என்னால்தான். நீண்ட காலம் இதை நான் ஒருவருக்கும் வாய்திறந்து சொன்னதில்லை. சொல்லாமலே ஊருக்குத் தெரியும் என்பது வேறு கதை.

முரசுமோட்டையில் எங்களுக்கு மூன்று ஏக்கர் வயல் இருக்கிறது. குளத்துத் தண்ணீர் வாய்க்கால் வழியே வந்து பாய்கிற நிலம். மாரியில் விதைத்து மாசியில் வெட்டுவோம். குளத்தில் தண்ணீர் மிஞ்சினால் சிறுபோகமும் செய்வோம். நான் கலியாணம் கட்டி வந்த புதிதில் வெட்டு என்றால் அரிவாள்தான். இருபது பெண்கள் வரிசையாகக் குனிந்து நிற்பார்கள். இடையில் சண்டைக்கு எல்லாரையும் போல நாங்களும் இடம்பெயர்ந்து, திரும்பி வந்து, பற்றை வெட்டி மறுபடி விதைத்தோம். திரும்பி வந்த பிறகும் இரண்டு மூன்று போகம் அரிவாள்தான்.

அந்த நாட்களில் தேநீர் என் பொறுப்பு. கரிபிடித்த பெரிய அலுமினியக் கேத்தில், அதன் வாய்க்குத் துணி அடைப்பு, மற்றக் கையில் தம்ளர்கள் குலுங்குகிற பை, இடுப்பில் கடதாசியில் சுற்றிய பனங்கட்டி. வாய்க்கால் கட்டால் அரை மைல் நடக்க வேண்டும். நான் வருவதைக் கண்டதும் வரிசையின் அந்தத்திலிருந்து யாராவது நிமிர்ந்து இடுப்பைப் பிடிப்பார்கள். ஒன்று நிமிர்ந்தால் இருபதும் நிமிரும். பனங்கட்டியை ஒரு கடி, தேநீர் ஒரு மிடறு. என் தேநீர் அப்படி ஒன்றும் திறமில்லை. "வாய்க்கால் தண்ணிக்குத் தேயிலையைக் காட்டிப்போட்டுக் கொண்டு வந்திருக்கிறாள்" என்று எனக்குக் கேட்கத்தான் சொல்லுவார்கள். ஆனாலும் கடைசி ஆளிடம் போகும்போது கேத்திலில் அரைத் தம்ளர்தான் மிஞ்சும். அதை வரம்பில் குந்தியிருந்து நான் குடிப்பேன். அந்த அரைத் தம்ளரின் ருசி இன்னும் என் நாக்கில் இருக்கிறது.

பிறகு மெசின் வந்தது. இருபது பேர் நாட்கணக்கில் வெட்டியதை ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்குள் வெட்டி, அடித்து, தூற்றி, நெல்லைச் சாக்கில் கொட்டிவிட்டுப் போகிற மெசின். எனக்கு அதன் மேல் ஒரு கோபமும் இல்லை. குனிந்து வெட்டியவர்களின் நாரியைக் கேட்டால் அதன் அருமை தெரியும். அந்த மெசினை எங்கள் வயல்வெளியில் முதலில் ஓட்டியவன் என் தம்பி.

தம்பி எனக்கு ஆறு வயது இளையவன். சின்ன வயதில் அவனைப் பார்ப்பது என் வேலையாக இருந்தது. அம்மா மாதம் ஒருமுறை வேப்பிலை அரைத்துச் சாறு பிழிந்து தருவா, வயிற்றுப் பூச்சிக்கு. மற்றப் பிள்ளைகள் அதைக் கண்டால் வேலி பாய்வார்கள். இவன் வாங்கி, ஒரே மூச்சில் குடித்து, வாயைப் புறங்கையால் துடைத்து, தம்ளரைத் திருப்பித் தருவான். முகத்தில் ஒரு சுளிப்பு இராது. "அவனுக்கு அது விருப்பம் அம்மா" என்று நான் சொல்லியும் இருக்கிறேன். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. பிழைவிடக்கூடிய வயதுதான்.

வளர்ந்த பிறகும் அவன் அப்படியே. கதை குறைவு, கேட்பது அதைவிடக் குறைவு. நான் சோறு போட்டால் சாப்பிடுவான். போடாவிட்டால் போய்விடுவான். உழவு மெசின் ஓட்டிக்கொண்டு திரிந்தவனை வெட்டு மெசின் வைத்திருந்த ஒரு முதலாளி கூப்பிட்டு, ஒரு போகம் பழக்கி, ஆசனத்தில் ஏற்றிவிட்டார். அந்த மாசியில், வயல்வெளியிலேயே முதல் வயலாக, எங்கள் வயலுக்குத்தான் அவன் மெசினை இறக்கினான்.

எனக்கு அன்று கால் நிலத்தில் நிற்கவில்லை. காலையிலேயே புதிருக்கு முதல் கதிர் எடுத்து வைத்தாயிற்று, கற்பூரமும் கொளுத்தியாயிற்று. தேநீர் ஊற்றக் கேத்திலை எடுத்தேன். எடுத்த பிறகுதான் யோசித்தேன். இருபது பேருக்குக் கொண்டுபோன கேத்தில், இப்போது மேலே ஒருவன், சாக்குப் பிடிக்க இன்னொருவன். அவ்வளவு பெரிய மெசினுக்கு முன்னால், அவ்வளவு உயரத்தில் என் தம்பி இருக்க, நான் கரிக்கேத்திலோடு போய் நிற்பதா? வெட்கமாக இருந்தது. கேத்திலை வைத்துவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு சந்திக் கடைக்குப் போனேன். அங்கே கண்ணாடிக் கதவு போட்ட பிரிட்ஜ் புதிதாக வந்திருந்தது. அதற்குள் சோடாக்களுக்கு மேல்தட்டில் ஒல்லியான டின்கள். எனர்ஜி ட்ரிங் என்றார் கடைக்காரர். "பட்டணத்திலை வேலை செய்யிற ஆக்கள் இதைத்தான் குடிக்கிறவை. களைப்பே தெரியாது" என்றார். ஒன்று வாங்கினேன். சாக்குப் பிடிப்பவருக்கு ஒரு சோடா வாங்கினேன்.

குளிர் போய்விடும் என்று சைக்கிளை வாய்க்கால் கட்டில் போட்டுவிட்டு ஓடினேன். டின் வேர்த்து என் கையெல்லாம் ஈரம். மெசின் திரும்புகிற மூலையில் நின்று எட்டி நீட்டினேன். தம்பி நிறுத்தி, குனிந்து வாங்கி, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு என் பக்கம் கொஞ்சம் உயர்த்திக் காட்டிவிட்டு, ஒரே மூச்சில் குடித்து, புறங்கையால் வாயைத் துடைத்தான். பக்கத்து வரம்புகளில் நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றுதானே நானும் ஓடி வந்தேன்.

எங்களுக்கு அடுத்த வயல்காரியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். புருசனின் பழைய நீளக்கைச் சேட்டும் பனையோலைத் தொப்பியுமாகத்தான் அவள் வயலில் நிற்பாள். நல்லவள். ஆனால் நான் ஒன்று செய்தால் அவள் ஒன்றரை செய்ய வேண்டும். நான் வேலிக்குச் செம்பருத்தி நட்டால் அவள் செம்பருத்தியும் நந்தியாவட்டையும் நடுவாள். அன்று மெசின் தன் வயலுக்குள் இறங்கும்போது அவள் கையில் இரண்டு டின் இருந்தது.

அடுத்த போகம் எல்லா வயலிலும் டின். அதற்கடுத்த போகம் அது வழக்கம். மெசின் வயலுக்குள் இறங்கும் முன் டின்னை ஆசனத்தடியில் வைக்க வேண்டும். வைக்காதவருக்குக் கைமுட்டி, கஞ்சன் என்று பேர். வெட்டுநாளில் வயலில் கொடுப்பதை ஓட்டுகிறவர் மறுத்தால் அடுத்த போகம் பதராகும் என்று ஒரு கதையும் எங்கிருந்தோ முளைத்தது. யார் முதலில் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. நானும் இரண்டு மூன்று பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

உண்மையைச் சொன்னால், அந்த வருடங்களை நினைத்தால் எனக்கு இன்னும் ஆசையாகத்தான் இருக்கிறது. தவறு என்று தெரிந்த பிறகும் ஆசை போகவில்லை. மாசி வெயில், வைக்கோல் மணம், மெசினுக்குப் பின்னால் இறங்கி நடக்கிற கொக்குகள், மேலே தம்பி. மூலையில் திரும்பும்போதெல்லாம் எங்கள் வரம்பைப் பார்ப்பான். ஒரு திருப்பத்தில் நான் டின்னை நீட்டுவேன். அவன் வாங்கி, உயர்த்திக் காட்டி, குடிப்பான். வெறும் டின்களைப் பொறுக்கி, கயிற்றில் கோத்து, கதிர் முற்றும் காலத்தில் கிளி விரட்டக் கட்டுவேன். காற்றடித்தால் ஒன்றோடொன்று முட்டிக் கிணுகிணுக்கும். அந்தச் சத்தம் கேட்டால் என் தம்பி பக்கத்தில் எங்கோ ஓட்டிக்கொண்டிருக்கிறான் என்று மனம் நிறைந்துபோகும்.

அவன் மாறிக்கொண்டு வந்தது எனக்குத் தெரியவில்லை என்று சொல்ல மாட்டேன். தெரிந்தது. ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கவில்லை. மத்தியானச் சோறு கொண்டுபோனால் இரண்டு வாய்க்கு மேல் இறங்காது. பீடி பற்றவைக்கும்போது நெருப்புக்குச்சி ஆடும். மெசின் உதறிய உதறலாக்கும் என்று நினைத்தேன். வெட்டு முடிந்து வீட்டில் நிற்கும் நாட்களில் தலையிடி என்று சுருண்டு படுப்பான், தொட்டதற்கெல்லாம் பாய்வான். ஒருநாளும் குரல் உயர்த்தாதவன், நெல் காயப்போட்ட பாயைக் கோழி கிளறியதற்குக் கதிரையைத் தூக்கி எறிந்தான்.

"மச்சாள், இவர் நித்திரை கொள்ளுறேல்லை" என்று அவன் மனைவி என்னிடம் ஒருமுறை சொன்னாள். "படுத்திருக்கிறார், கண் மூடியிருக்கு, ஆனா நித்திரை இல்லை. நெஞ்சிலை காது வைச்சுப் பார்த்தனான். லாண்ட்மாஸ்டர் உழவு மெசின் ஓடுற மாதிரிக் கிடக்கு."

"களைப்பு, பிள்ளை" என்றேன் நான். "நாளைக்கு எங்கட வயல்தானே. குளிரக் குளிர ஒரு டின் வாங்கி வைக்கிறன்."

இந்த வசனத்தை நான் பிறகு எத்தனை தரம் நினைத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

அது நடந்ததும் ஒரு மாசி மாதம்தான். வெயில் ஏறிக்கொண்டிருந்த காலைநேரம். எங்கள் வயலை முடித்து, அடுத்த வயல்காரியின் வயலில் பாதி ஓடியிருந்தது. மெசின் நின்றுவிட்டது. எஞ்சின் இரைந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் அசையவில்லை. சேற்றில் புதைந்துவிட்டதாக்கும் என்று நாங்கள் வரம்பில் நின்று கதைத்தோம். பிறகு தம்பி இறங்கினான். ஏணியைப் பிடித்து ஒவ்வொரு படியாக, வயதானவர்கள் பஸ்ஸால் இறங்குவது போல இறங்கினான். வரம்புக்கு வந்து இருந்தான். சேட்டு நனைந்து ஒட்டியிருந்தது. உதடு வெளிறியிருந்தது.

"அக்கா, இது நிக்குதில்லை" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். "அடிக்குது, விடுது, அடிக்குது, விடுது."

"வெயில்" என்றார் ஒருவர். "வெறும் வயிறு" என்றார் இன்னொருவர். அடுத்த வயல்காரி தன் இரண்டாவது டின்னை உடைத்து என் கையில் தந்தாள். "பருக்கு அக்கா, பெலன் வரும்" என்றாள். நான் அவன் பிடரியைத் தாங்கி, டின்னை வாயில் வைத்தேன். அவன் என்னைப் பார்த்தான். குடிக்க முடியாது என்று அந்தக் கண்ணில் இருந்தது என்று இப்போது நினைக்கிறேன். அப்போது நான் கண்ணைப் பார்க்கவில்லை, டின்னைப் பார்த்தேன். இரண்டு மிடறு குடித்தான். மூன்றாவது வெளியே வந்துவிட்டது.

முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழி முழுக்க அவன் தலை என் மடியில் கிடந்தது. கழுத்து நரம்பில் விரலை வைத்துப் பார்த்தேன். எனக்கு எண்ணத் தெரியும். அதை எண்ண முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் உடனே கட்டிலில் ஏற்றி, நெஞ்சில் வயர்கள் ஒட்டி, கையில் ஊசி ஏற்றினார்கள். கொஞ்சம் அடங்கிய பிறகு டொக்டர் வந்தார். பெண்பிள்ளை, என் மகள் வயது இருக்கும். நின்றபடியே கேட்டு எழுதினார். பீடி உண்டா, சாராயம் உண்டா, வீட்டில் யாருக்காவது நெஞ்சு வருத்தம் உண்டா என்றெல்லாம் கேட்டுவிட்டு, "எனர்ஜி ட்ரிங் குடிக்கிறனீங்களோ?" என்றார்.

"ஓம் டொக்டர்."

"ஒரு நாளைக்கு எத்தினை?"

"ஒண்டு."

நானும் பெரிதாகத் தலையாட்டினேன். "எங்கட வயலிலை ஒண்டுதான் டொக்டர் குடுக்கிறனாங்கள்" என்றேன், சாட்சிக் கூண்டில் ஏறினவள் மாதிரி.

பேனை நின்றது. "எங்கட வயல் எண்டா? வேறை வயலும் வெட்டுவாரோ?"

"ஓம். ஒரு நாளைக்கு ஆறு ஏழு வயல் வெட்டுவன்" என்றான் தம்பி.

"அங்கையும் குடுப்பினமோ?"

"ஒவ்வொருத்தரும் ஒண்டுதான் டொக்டர்" என்றான். அவர்களுக்காகப் பரிந்து பேசுவது போல இருந்தது அவன் குரல். "ஒருத்தரும் கனக்கத் தாறேல்லை."

டொக்டர் சிரிக்கவில்லை. "சரி. இண்டைக்கு, நேற்று, எந்தெந்த வயல் எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ" என்றார். நான் விரல் மடித்தேன். வாய்க்கால் தலைப்பு வயல், பள்ளிக்கூடத்துப் பின்வயல், மருதமரத்து வயல் என்று ஒவ்வொன்றாக. அடுத்த வயல்காரியிடம் வந்ததும் "அவ ரெண்டு" என்றேன். காலையில் எழும்பிய உடன் அவன் தானே வாங்கிக் குடிக்கிற ஒன்றும் இருந்தது, அதை அவன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். முதல்நாள் மட்டும் எட்டு. ஒரு கையில் விரல் முடிந்து மற்றக் கைக்கு மாறியிருந்தேன். இத்தனை வருடத்தில் ஒருவரும் அதைக் கூட்டிப் பார்க்கவில்லை. எல்லாரும் அவரவர் வரம்பில் நின்று ஒன்றைத்தான் பார்த்தோம்.

"கோப்பியிலை இருக்கிற காபீன்தான் இதிலையும் இருக்கு. அது நெஞ்சை விரட்டும், பிரசரைக் கூட்டும், நித்திரையைக் கெடுக்கும்" என்றார் டொக்டர். "அதோட அவ்வளவு சீனி. வெயிலிலை வேர்த்துக் கொட்டேக்கை தண்ணிக்குப் பதிலா இதையே குடிச்சிருக்கிறார். இப்ப இதயத்தின்ர அடி ஒழுங்கு தப்பியிருக்கு. மருந்து ஏத்தியிருக்கிறம், பாப்பம்."

"பெலனுக்கெண்டுதான் டொக்டர் குடுத்தனாங்கள்" என்றேன்.

"அது பெலன் குடுக்கிறேல்லை அம்மா. களைப்பை மறைக்குது. களைச்ச ஆள் உள்ளுக்கை களைச்சுத்தான் இருக்கிறார்." பிறகு தம்பியிடம் திரும்பினார். "கடைசியா எத்தினை மணிக்குக் குடிச்சனீங்கள்?"

"காலமை, டொக்டர். வெட்டத் தொடங்க முதல்" என்றான் தம்பி. என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

டொக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். நான் தம்பியின் காலடியில் நின்றேன். அவன் கண்ணை மூடிக்கொண்டான். என்னைக் காப்பாற்றிவிட்டு நிம்மதியாக மூடிக்கொண்டான் அந்தப் பாவி. எனக்கு ஆத்திரம் வந்தது, அவன் மேலா என் மேலா என்று தெரியாத ஆத்திரம். ஓட்டமாகப் போய் டொக்டரை வாசலில் பிடித்தேன். "அவர் சொன்னது பொய், டொக்டர். நெஞ்சு அடிக்குது எண்டு வரம்பிலை இருக்கேக்கையும் நான் பருக்கினனான். என்ர கையாலை" என்றேன். அவர் நேரத்தைக் கேட்டு எழுதிக்கொண்டார். "சொன்னது நல்லது அம்மா" என்றார், அவ்வளவுதான். ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை அடி ஒழுங்குக்கு வந்துவிட்டது. ஆனாலும் ஐந்து நாள் மறித்து வைத்தார்கள். வருத்தம் பார்க்க வயல்வெளியே திரண்டு வந்தது. எங்கள் பக்கம் வருத்தம் பார்க்க வெறுங்கையோடு ஒருவரும் போக மாட்டார்கள். தோடம்பழம், கிறீம் கிராக்கர் பெட்டி, பால்மாப் பை. அவற்றோடு டின். வந்தவர்கள் ஒவ்வொருவரும் பையிலிருந்து ஒரு டின்னை எடுத்து, "பாவம், உழைக்கிற உடம்பு" என்று சொல்லிச் சின்ன அலுமாரியின் மேல் வைத்தார்கள். அடுத்த வயல்காரி இரண்டு வைத்தாள். தாதி மருந்து கொடுக்க வந்தவள் இடுப்பில் கை வைத்து நின்றாள். "இதென்ன, வாட்டுக்குள்ளை கடை போடப் போறியளோ? இவர் இதைக் குடிச்சுத்தான் இஞ்சை கிடக்கிறார் எண்டு உங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையோ?" என்றாள்.

எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். வாய் நீளம் என்று பேர் எடுத்தவள் நான். அன்று அவர்களை ஏச எனக்கு வாய் வரவில்லை. எந்த முகத்தோடு ஏசுவது? அன்றைக்குக் கேத்திலுக்கு வெட்கப்பட்டவள் நான்தானே. டின்களைப் பையில் போட்டு, கொண்டுபோய் வீட்டுக் குசினி மூலையில் வைத்தேன். அன்று பின்னேரம் ஒவ்வொன்றாக உடைத்து வாழையடியில் ஊற்றினேன். எறும்பு மொய்த்தது.

தம்பி வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான கஷ்டம். டின்னை நிறுத்தியதும் முதல் கிழமை மண்டை பிளக்கிற தலையிடி. தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, ஒருவரோடும் கதையாமல் கிடந்தான். பிறகு நித்திரை வந்தது, சோறு இறங்கியது, கை நடுக்கம் நின்றது. உடம்பு தேறத் தேற மனம் விழுந்துபோனது. மெசினை ஓட்டலாமா என்று கிளினிக்கில் கேட்டதற்கு, இப்போதைக்கு வேண்டாம், பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். முதலாளி வேறு ஒருவரை ஏற்றி மிச்ச வயலை வெட்டுவித்தார். மெசின் றோட்டால் போகும் சத்தம் கேட்டால் தம்பி எழுந்து பின்வளவுக்குப் போய்விடுவான். அவனுக்கு அந்த ஆசனத்தை விட்டால் வேறொன்றும் இல்லை. அதை நான் அவனிடமிருந்து பிடுங்கிவிட்டேன் என்ற எண்ணம் எனக்கு. கிளினிக் நாளில் எல்லாம் நானும் கூடவே போனேன்.

ஆவணியில் சிறுபோக வெட்டுக்கு முன்னால் டொக்டர் சம்மதித்தார். மூன்று நிபந்தனை. மத்தியான வெயிலில் இறங்கி நிழலில் இருக்க வேண்டும், நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், டின் ஒன்றுகூடத் தொடக் கூடாது. தண்ணீர் அல்லது உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணீர். "அவருக்கு விருப்பம் இல்லாட்டியும் ஆக்கள் குடுப்பினமே, என்ன செய்யப் போறியள்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். "அதை நான் பாக்கிறன், டொக்டர்" என்றேன்.

வெட்டுநாள் காலை, குசினிப் பரணில் கிடந்த கேத்திலை இறக்கினேன். சிலந்தி குடியிருந்தது. சாம்பல் போட்டுத் தேய்த்தேன். தேசிக்காய் பிழிந்து, உப்பும் சீனியும் கரைத்து, வாய்க்குத் துணி அடைத்து, பையில் தம்ளர் குலுங்க வாய்க்கால் கட்டால் நடந்தேன். எங்கள் வயலுக்குப் போகவில்லை. மெசின் அன்று வெட்ட வேண்டிய வயல்கள் அத்தனைக்கும் மெசினுக்கு முன்னால் போனேன்.

தாதி ஏசியும் வழக்கம் விட்டுப்போகவில்லை, ஒவ்வொரு வரம்பிலும் ஒரு டின் காத்துக்கொண்டு நின்றது. நான் முதலில் என் தம்ளரை நீட்டினேன். "இந்தா, நீங்களும் ஒரு வாய் குடியுங்கோ. அவருக்கும் இதுதான். அந்த டின்னை நான்தான் முதல் குடுத்தனான், நான்தான் பிழை விட்டனான். உங்களிலை ஒரு குற்றமும் இல்லை. ஆனா இனி வேண்டாம்" என்று ஒவ்வொருவருக்கும் சொன்னேன். முதல் வயலில் கேத்திலைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். மூன்றாம் வயலில் பழகிவிட்டது. சிலர் சிரித்தார்கள். ஒருவர், "அக்கா, மெசின் சுவாமி வர முன்னாலை நீங்கள் தீர்த்தம் குடுத்துக்கொண்டு போறியள்" என்றார். போகட்டும் என்று விட்டுவிட்டேன். அடுத்த வயல்காரி இரண்டு டின்னையும் சேட்டுப் பைக்குள் தள்ளினாள். அடுத்த நாள் அவள் என் கேத்திலைவிடப் பெரிய கேத்திலோடு வந்தாள். அவளைத் திருத்த முடியாது.

அன்று கடைசி வயல் முடிந்தபோது வெயில் சரிந்திருந்தது. தம்பி எஞ்சினை நிறுத்தி, இறங்கி வந்து, என் பக்கத்தில் வரம்பில் இருந்தான். கேத்திலில் ஒரு தம்ளர் மிஞ்சியிருந்தது. ஊற்றிக் கொடுத்தேன். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டான்.

"அக்கா, ஒண்டு சொல்லட்டோ?"

"சொல்லு."

"அந்த டின் எனக்கு ஒருநாளும் பிடிக்கேல்லை."

"எந்த டின்?"

"முதல் நீங்கள் தந்தது. வாயிலை வைக்கேலாமல் கிடந்தது. மருந்து மணம்."

"பேந்து ஏன்ரா குடிச்சனி?" என்றேன்.

"நீங்கள் சைக்கிளைப் போட்டிட்டு ஓடி வந்தனீங்கள். முகம் முழுக்கச் சிரிப்பு. அண்டைக்கு எப்பிடி வேண்டாம் எண்டுறது? அண்டைக்கு உங்களிட்டை வாங்கினாப் பிறகு, மற்ற ஆக்களிட்டை என்னண்டு வேண்டாம் எண்டுறது?"

நான் சேலைத் தலைப்பை எடுத்துக் கண்ணைத் துடைத்தேன். வேப்பிலைச் சாறு குடித்துவிட்டுத் தம்ளரைத் திருப்பித் தருகிற அந்தச் சின்னக் கை எனக்கு முன்னால் வந்தது. அப்போதும் அவனுக்கு அது விருப்பம் என்றுதான் அம்மாவிடம் சொன்னேன்.

தம்பி தேசிக்காய்த் தண்ணீரை ஒரு மிடறு குடித்தான். எப்போதும் போல ஒரே மூச்சில் குடிக்கவில்லை. நிறுத்தி, முகத்தைச் சுளித்து, தம்ளரை என் பக்கம் நீட்டினான்.

"இதுக்கு உப்புக் கூடிப்போச்சு, அக்கா. எனக்கு வேண்டாம்."

அவன் பிறந்ததிலிருந்து என்னிடம் வேண்டாம் என்று சொன்னது அன்றுதான். மிச்சத்தை நான் வாங்கிக் குடித்தேன். உண்மையிலேயே உப்புக் கூடித்தான் இருந்தது. அடுத்த நாள் குறைத்துப் போட்டேன்.